மழை வந்தா காணாமப் போற சிக்னல்

இந்த வார எபிசோட்ல மில்லிமீட்டர் அலைகளைப் பத்தி அவசரமா பேசிட்டு ஓடிட்டோம். மிச்சக் கதை இங்கே. இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு.

யாங்கோன்ல ஒரு கம்பெனிக்கு டவுன்டவுன் ஆபீஸையும் ஆத்தோர குடோனையும் இணைக்கணும். தூரம் 1.8 கிலோமீட்டர். ஃபைபர் இழுக்க மாசக்கணக்காகும்னாங்க. நான் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒரு ஜோடி போடச் சொன்னேன். பிப்ரவரியில மாட்டினோம், பறந்துச்சு. ஜூன்ல முதல் பெருமழை அடிச்சது, லிங்க் செத்துப்போச்சு. பில் போட முடியாம குடோன் வாசல்ல லாரிங்க வரிசையா நின்னுச்சு. எனக்கு வரவேண்டிய பணமும் நின்னுச்சு.

ஏன் அப்படி ஆச்சு? 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளோட நீளம் 1 சென்டிமீட்டர்ல இருந்து 1 மில்லிமீட்டர் வரைதான். 80 கிகாஹெர்ட்ஸ்னா நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. மழைத்துளியும் ஏறக்குறைய அதே சைஸ். அதனால ஒவ்வொரு துளியும் அலையைச் சிதறடிக்கும், கொஞ்சத்தை உறிஞ்சவும் செய்யும்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல மழை கொட்டினா இந்த அலைவரிசையில கிலோமீட்டருக்குச் சுமார் 30 டெசிபெல் இழப்பு. அதாவது ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். என்னோட 1.8 கிலோமீட்டருக்கு 54 டெசிபெல்: ரெண்டரை லட்சத்துல ஒரு பங்கு! அதே மழையில 7 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஒண்ணு ரெண்டு டெசிபெல் மாதிரிதான் இழக்கும்.

யாங்கோன்ல வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். பிப்ரவரி வெயில்ல டெஸ்ட் பண்ணிட்டு 'ஓகே' சொன்னது என் முட்டாள்தனம்.

இந்த அலைகள் புதுசும் இல்ல. நம்ம தாத்தா பாட்டிங்க ரங்கூனுக்குக் கப்பலேறின அதே காலத்துல, வங்காள விரிகுடாவோட இன்னொரு கரையில, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில ஜகதீஷ் சந்திர போஸ் 60 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் அலைகளை உண்டாக்கி ஆராய்ஞ்சார். வருஷம் 1895. அலை சின்னதா இருந்தா கருவியும் சின்னதா இருக்கலாம், ஒளி மாதிரி அது வளையுதா, பிரதிபலிக்குதான்னு மேசை மேலேயே பாத்துடலாம். முறுக்கின சணலை வெச்சே அலையோட தளத்தைத் திருப்பிக் காட்டினார். கலீனா படிகத்தால அவர் செஞ்ச டிடெக்டருக்கு 1904-ல அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சுது. ஆனா தூரம் போகணும்னு நினைச்ச மார்க்கோனி நீள அலைகள் பக்கம் போனார். உலகமும் அவர் பின்னாடியே போச்சு.

அன்னைக்கு இருந்த கணக்குதான் இன்னைக்கும்: சின்ன அலை நிறைய டேட்டா சுமக்கும், ஆனா தூரம் தாங்காது.

கடைசியில என் கைக்காசுல பக்கத்துலயே ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் போட்டேன். மழையில ரூட்டர் தானா அதுக்கு மாறிடும். வேகம் குறையும், ஆனா பில் ஓடும். மழை விட்டதும் பழையபடி 80-க்குத் திரும்பிடும்.

யாராவது '99.9 சதவீதம் ஓடும்'னு சொன்னா கணக்கு போட்டுப் பாருங்க. மீதி 0.1 சதவீதம் வருஷத்துக்கு ஏறக்குறைய 9 மணி நேரம். அந்த 9 மணி நேரம் எப்போ வரும்னு கேளுங்க. எனக்கு அது லாரி நிக்கிற நேரத்துலதான் வந்துச்சு.