செத்த மாட்டுக்கு நஷ்டஈடு!

அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டா ராஜ்யம் இருக்கிறது. அங்கே பரப்பளவில் மிகப் பெரிய ஜில்லா, மீடு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளிதான். மாடு வளர்ப்பதுதான் அங்கே பலருக்கும் பிழைப்பு.

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அந்தப் பக்கத்துப் புல்வெளிகள் மாடுகளின் சுடுகாடாக மாறின!

மழை வந்தது; பனி வந்தது

அக்டோபர் 3-ந் தேதி மழை பிடித்தது. மாடுகள் தொப்பலாக நனைந்தன. பிறகு மழை, பனியாக மாறியது. மணிக்கு 70 மைல் வேகம் வரை காற்று அடித்தது. ராபிட் நகரில் ஏறக்குறைய 2 அடி உயரம் பனி குவிந்தது.

குளிர் காலத்தில் மாட்டுக்கு ரோமம் அடர்த்தியாக வளரும். அதுதான் அதற்குக் கம்பளி. ஆனால் அது அக்டோபர் தொடக்கம். ரோமம் இன்னும் வளரவில்லை. மாடுகள் கோடைகால மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. ஒதுங்க இடம் இல்லை.

காற்று தள்ளிய பக்கமே மாடுகள் நடந்தன. வேலிகளைத் தாண்டிப் பல மைல் தூரம் போயின. சில பள்ளத்தில் விழுந்தன. சில ஓடையில் மூழ்கின. பல குளிரில் விறைத்தன. பல்லாயிரம் மாடுகள் மடிந்தன!

பசு செத்தால் பசு மட்டுமா நஷ்டம்? அதன் வயிற்றில் இருந்த கன்றும் போயிற்று. அடுத்த ஆண்டு வருமானமும் போயிற்று.

பூட்டிய கதவு

இயற்கையின் சீற்றத்தால் கால்நடை செத்தால், சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. ஆனால் 2011 செப்டம்பரோடு அதன் காலம் முடிந்துவிட்டது. புதிய விவசாயச் சட்டமோ காங்கிரஸ் சபையில் இழுபறியாகக் கிடந்தது.

அது போதாது என்று இன்னொரு சோதனை! செலவுப் பணம் பற்றிய தகராறினால், அக்டோபர் 1-ந் தேதி முதல் மத்திய சர்க்காரின் பல ஆபீசுகள் மூடப்பட்டன. ஜில்லா விவசாய ஆபீசுகளும் மூடிக் கிடந்தன. 16 நாள் கழித்தே கதவு திறந்தது.

அதுவரை செத்த மாடுகளைப் போட்டு வைக்க முடியுமா? குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைக்கும் முன், காதில் இருந்த அடையாள வில்லையையும் உடம்பில் இருந்த சூட்டுக் குறியையும் பார்த்துக் கணக்கு எழுதினார்கள். போட்டோவும் எடுத்தார்கள். என்றாவது சட்டம் வந்தால் சாட்சி வேண்டுமே!

சட்டத்துக்கு முன்பே சக மனிதர்களின் உதவி வந்தது. வேறு ராஜ்யத்துப் பண்ணைக்காரர்கள் கிடேரிகளை லாரியில் ஏற்றி இனாமாக அனுப்பினார்கள்.

100-க்கு 75

2014 பிப்ரவரி 7-ந் தேதி, ஜனாதிபதி ஒபாமா புதிய விவசாயச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2011 அக்டோபர் முதல் செத்த கால்நடைகளுக்கும் நஷ்டஈடு உண்டு என்றது அந்தச் சட்டம். ஏப்ரல் 15-ந் தேதி முதல் மனு வாங்கினார்கள்.

எவ்வளவு பணம்? மாட்டின் சராசரி சந்தை விலை 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், சர்க்கார் கொடுப்பது 75 டாலர். மீதி 25 டாலர் சொந்தக்காரரின் நஷ்டம். வழக்கமாக ஆண்டுதோறும் சாகும் மாடுகளுக்குப் பணம் கிடையாது. புயலில்தான் செத்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

குழிக்கரையில் நின்று, கண்ணீரோடு எழுதிய கணக்குதான் அன்று கை கொடுத்தது!