பனியில்லா ஊரில் பனிச்சறுக்கு: எந்த இயந்திரம்?

2018 பியோங்சாங் ஒலிம்பிக்தான் மலேசியா கலந்துகொண்ட முதல் குளிர்கால ஒலிம்பிக். ஜெஃப்ரி வெப் பனிச்சறுக்கில் இறங்கினார். அவர் பழகியது அமெரிக்க மலைகளில். ஈப்போக்காரருக்கு உள்ளரங்க இயந்திரம்தான் கதி. அதில் எது நல்லது?

ஒருவகையில், சரிவான கம்பளம் மேல்நோக்கி ஓடும். ஆள் கீழ்நோக்கிச் சறுக்குவார், ஆனால் இடம் பெயரமாட்டார். கம்பளம் சீரான வேகத்தில் ஓடும்வரை, ஓடுவது தரையா தானா என்று உடம்புக்குத் தெரியாது. அதனால் திருப்பத்தில் சாய்வதும் பலகை விளிம்பை ஊன்றுவதும் நிஜம்போலவே இருக்கும். காற்றின் எதிர்ப்பு மட்டும் கிடையாது; வேகப் பந்தயக்காரருக்கு அது பெரிய குறைதான்.

இன்னொன்றில், வளைந்த தண்டவாளத்தில் கால்மேடை இடமும் வலமும் போகும். சில இயந்திரங்களில் அதை நடுவுக்கு இழுப்பது ரப்பர் பட்டை. 1877இல் கோலகங்சாரில் கன்று நட்ட பேராக்குக்கு ரப்பரைச் சொல்லித்தர வேண்டாம். சிக்கலாகச் சுருண்டு கிடக்கும் நீள மூலக்கூறுகள் இழுத்தால் நிமிரும். வெப்பத்தின் அதிர்வு அவற்றை மறுபடி சுருட்டும். ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சுடும்!

புதிதாகப் பழகுகிறவருக்கு என் ஓட்டு கம்பளத்துக்கே. தண்டவாளம் தொடைக்கு வலு தரும், சரிவில் வழுக்கும் உணர்வைத் தராது. விலை பார்த்து அதையே வாங்கினால், பட்டையை இழுத்துப் பிடித்து, நுண்விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும்.