எட்டு டாலர் காலமும் தட்டினால் போகும் காலமும்

அறுபதுகளில் ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ ஒருவர் சொந்தக் காசில் லண்டன் போகிறார் என்றால், கையோடு எடுத்துப்போக அரசாங்கம் அனுமதித்தது மூன்று பவுண்டு. அமெரிக்கக் கணக்கில் எட்டு டாலர். அதற்கும் முன்னால் 'பி ஃபார்ம்' என்ற தடை ஒன்று இருந்தது. அங்கே உங்களை யார் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், செலவு யாருடையது என்று ரிசர்வ் வங்கிக்குத் திருப்தி ஏற்படும்படி சொல்லியாக வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் இருந்தாலும் இந்த ஒப்புதல் வராவிட்டால் விமானம் ஏற முடியாது.

சென்னையின் இந்த மேற்குப் பக்கத்துக்கு வெளிநாடு அப்படியொன்றும் அன்னியமாக இருந்ததில்லை. பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டு வைத்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில். லூகாஸ் டி.வி.எஸ். பாடியில். 1961-ல் வந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பை வைத்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. கம்பெனியோ சர்க்காரோ அனுப்பினால் கவலை இல்லை, படி கணக்குப் போட்டு அவர்களே கொடுத்துவிடுவார்கள். தங்கை பிரசவம், தம்பி பட்டமளிப்பு என்று சொந்த வேலையாகப் போகிறவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

பிறகு கொஞ்சம் இளகியது. எழுபதுகளின் கடைசியில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை 500 டாலர் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. அதை வாங்க ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனைப் பக்கமோ மவுண்ட் ரோடோ போய், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நிற்க வேண்டும். வாங்கிய தொகையை பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினால் விசாவை விட அந்த முத்திரைப் பக்கம்தான் சுவாரசியம். ஒரு குடும்பம் எந்த வருடம் எத்தனை டாலரோடு கிளம்பியது என்ற கணக்கு அப்படியே இருக்கும்.

பெரும்பாலும் டிராவலர்ஸ் செக்காகத்தான் வாங்குவார்கள். வாங்கும்போது ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து, அங்கே மாற்றும்போது வங்கிக்காரர் கண்முன்னே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பயத்தில் கை நடுங்கிக் கையெழுத்து கோணினால் பாஸ்போர்ட்டைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியதுதான். தாள்களின் நம்பரைத் தனியே ஒரு காகிதத்தில் எழுதி வேறு பெட்டியில் வைப்பது கட்டாயம். செக் தொலைந்தாலும் நம்பர் இருந்தால் பணம் திரும்பி வரும். இன்றைய கார்டில் இல்லாத ஒரு நன்மையும் அதில் இருந்தது. கட்டு மெலிந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும்.

அந்த 500 டாலர் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும், ரிசர்வ் வங்கி உட்பட. மிச்சத்தை அங்கிருக்கும் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டார். "நீ அங்க குடுத்துடுப்பா, நான் ஊருக்குப் போய் உங்க அம்மா கையில குடுத்துடறேன்." எத்தனையோ குடும்பங்களின் அன்னியச் செலாவணிக் கொள்கை இந்த ஒரு வாக்கியம்தான். மச்சினர் லண்டனில் பவுண்டில் கொடுப்பார், இங்கே அம்பத்தூர் ஓ.டி.யில் அவருடைய அம்மாவுக்கு ரூபாயில் போய்ச் சேரும். 1973-ம் வருட ஃபெரா சட்டத்தின் கண்ணில் இது குற்றம். குற்றம் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்தவர்கள்தான் அதிகம்.

யோசித்துப் பார்த்தால் இன்றைய கிரெடிட் கார்டு செய்வதும் இதே வேலைதான். அங்கே ஒருவர் கொடுக்கிறார், இங்கே நாம் ரூபாயில் அடைக்கிறோம். அன்றைக்கு மச்சினர்தான் கிரெடிட் கார்டு. மார்க்கப் கிடையாது, ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் பெட்டியில் பாதி ஊறுகாயும் பருப்புப் பொடியும் வடகமும் சுமந்துபோக வேண்டும், அவர் வீட்டு ஹாலில் படுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டிப்போகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் மனைவியின் முகம் மூன்றாவது வாரம் மாறத் தொடங்கினால் அதுதான் கிரெடிட் லிமிட்.

1991 நெருக்கடிக்குப் பிறகு கதவு படிப்படியாகத் திறந்தது. ஃபெரா போய் 2000 ஜூனில் ஃபெமா வந்தது. அன்னியச் செலாவணி கிரிமினல் விவகாரமாக இருந்தது மாறி சிவில் விவகாரமானது. 2004-ல் யார் வேண்டுமானாலும் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றார்கள். 2015-லிருந்து அது 2,50,000 டாலர். எட்டு டாலரில் தொடங்கிய தேசம் என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது. இடையில் வந்த ஏ.டி.எம். கார்டுகளில் 'இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும்' என்று அச்சடித்திருந்தது நினைவிருக்கிறதா? நேபாளத்துக்கு யார் போனார்கள் என்று தெரியாது, அந்த வரி மட்டும் எல்லோர் பர்ஸிலும் இருந்தது.

இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓடிய வரிசைகளுக்குப் பக்கத்திலேயே ஐ.டி. கட்டடங்கள். அங்கே வேலை பார்க்கிற பெண் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடித்து பாங்காக் கிளம்புகிறாள். அனுமதி கேட்க வேண்டிய இடம் அவள் போன்தான். 2020-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், ஆப்பில் போய் நாமே திறந்துவிட வேண்டும். அதை மறந்துவிட்டு ஏர்போர்ட்டில் இறங்கி, கார்டு ஏன் வேலை செய்யவில்லை என்று முழிப்பவர்கள் இன்றும் உண்டு.

அன்றைய கேள்வி எவ்வளவு கொண்டுபோக விடுவார்கள் என்பது. இன்றைய கேள்வி எதில் கொடுத்தால் குறைவாகப் பிடிப்பார்கள் என்பது. சிங்கப்பூரில் 100 டாலருக்கு ஒரு பொருள். ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் 6,500. பல கார்டுகளில் 3.5 சதவீதம் மார்க்கப், 227 ரூபாய் 50 காசு. அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., இன்னொரு 41 ரூபாய். ஆக 268 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன, விசாரித்து வாங்கினால் லாபம்.

இதைவிட மோசமான இடம் கடைக்காரரின் மெஷின். கார்டைத் தட்டியதும் ரூபாயிலா, உள்ளூர் கரன்சியிலா என்று கேட்கும். வெளியூரில் ரூபாய்க் குறியைப் பார்த்ததும் நம்மாளுக்கு ஒரு பாசம் வந்து அதையே அழுத்துவார். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின் பின்னால் இருப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வார்கள். எப்போதும் உள்ளூர் கரன்சிதான். கிரெடிட் கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதும் அப்படியே, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஹோட்டலில் டெபாசிட் என்று பிடித்து வைப்பதற்கு மட்டும் கிரெடிட் கார்டை நீட்டுங்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் சொந்தப் பணம் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும்.

ரொக்கம் ஒழிந்துவிடவில்லை. பூந்தமல்லியிலிருந்து கோலாலம்பூர், கொழும்பு என்று கோயில் சுற்றக் கிளம்பும் பெரியவர்கள் இன்றும் நோட்டைத்தான் நம்புகிறார்கள். மணி சேஞ்சரிடம் பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கேட்பார்கள். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதானால் 50,000 வரைதான். பெரும்பாலான நாடுகளுக்கு நோட்டாக 3,000 டாலருக்கு மேல் எடுத்துப்போக முடியாது, மிச்சம் கார்டில்தான். திரும்பி வந்தபின் 2,000 டாலர் வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நாணயத்துக்கு மட்டும் வரம்பே இல்லை. சில்லறையை யார் எண்ணுவது என்று விட்டுவிட்டார்கள் போல.

அரசாங்கம் கண்ணை எடுத்துவிட்டதா என்றால் இல்லை. 2023 மே மாதம் வெளிநாட்டு கிரெடிட் கார்டு செலவையும் அந்த 2,50,000 டாலர் கணக்கில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். மேலே 20 சதவீதம் வரியை முன்கூட்டிப் பிடிக்கும் பேச்சும் வந்ததால் கூச்சல் எழுந்தது. ஜூன் 28-ல் தள்ளிவைத்துவிட்டார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் செலவழித்தால் கணக்கில் வரும், அதே கடையில் கிரெடிட் கார்டைத் தட்டினால் வராது. இதில் தர்க்கம் தேடி நான் களைத்துவிட்டேன்.

மச்சினர் ஏற்பாடும் ஒருவகையில் சட்டபூர்வமாகிவிட்டது. 2023 பிப்ரவரி 21 முதல் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்திருக்கின்றன. முதல் கட்டத்திலேயே சேர்ந்த வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும் உண்டு. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யு.பி.ஐ. வந்தது. எல்லாக் கடையிலும் செல்லாது. டீக்கடை க்யூஆரை நம்பி வெறுங்கையோடு கொழும்பில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

இப்போது வேறொரு வேடிக்கை நடக்கிறது. மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகும் ஆவடி அப்பாக்களுக்கு மகன் தன் கணக்கில் ஆட்-ஆன் கார்டு ஒன்று எடுத்துக் கொடுத்து அனுப்புகிறான். அவர் ஒவ்வொரு முறை தட்டும்போதும் இங்கே இவன் போனில் செய்தி. "என்னப்பா, காபிக்கு ஆறு டாலரா?" என்று உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ். ரிசர்வ் வங்கியாவது கிளம்புவதற்கு முன் ஒரு தடவைதான் கேட்டது. அதனால் அந்த அப்பாக்கள் துணிமணிக்கும் டாக்ஸிக்கும் கார்டைத் தட்டிவிட்டு, காபிக்கு மட்டும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுக்கிறார்கள்.