புரியாத சொல் புலமையாகுமா?

தாயகத்தை விட்டு வெளியே வாழும் தமிழர் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வரும். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா, பிள்ளைகளின் படிப்பு எப்படி, முருங்கைக்காய் எங்கே கிடைக்கிறது! நான்காவதாகப் புத்தகத்தைப் பற்றியும் பேசுகிற கூட்டம் ஒருவருக்கு அமைந்துவிட்டால் அது பெரிய கொடுப்பினை. 1990-களின் பிற்பகுதியில் கார் நிக்கோபாரில் பணியாற்றிய நாட்களில் எனக்கு அந்தக் கொடுப்பினை வாய்த்தது.

கார் நிக்கோபாரைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தை. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ள, 127 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட, தட்டையான தென்னந்தீவு அது. பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக 1956-இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளியார் அனுமதியின்றி அங்கே போய்க் குடியேற முடியாது. ஆகவே அங்கிருந்த தமிழர்கள் பெரும்பாலும் என்னைப் போல வேலை நிமித்தம் வந்து, சில ஆண்டுகள் இருந்து, மாற்றலில் போகிறவர்களே. புத்தகக் கடை கிடையாது. விடுமுறைக்கு ஊர் போய் வருகிறவர் பெட்டியில் கொண்டுவந்தால்தான் புத்தகம். ஒரு வாரப் பத்திரிகை பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, கடைசியில் வாங்கியவர் வீட்டுக்கே வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவோம். மதுரைக்காரரான பள்ளி ஆசிரியர் ஒருவர். அவரை எல்லோரும் ‘சார்’ என்போம். பண்டகசாலையில் வேலை பார்த்த தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த செவிலியர் அக்கா. நான். கூட, சாரின் எட்டாம் வகுப்புப் பையன். அவன் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படித்தான். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வீட்டில் கற்றுக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

ஒருநாள் சார், ஊரிலிருந்து வந்த ஓர் இலக்கியச் சிற்றிதழிலிருந்து நாவல் விமர்சனம் ஒன்றை உரக்கப் படித்துக் காட்டினார். அதிலிருந்த வாக்கியம் எனக்கு அப்படியே நினைவில்லை. ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘இப்பிரதி தன் இருப்பின் வெளியைத் தானே கட்டுடைத்து, மௌனத்தின் சொல்லாடலாக விரிவு கொள்கிறது.’ நாங்கள் மூவரும் ‘ஆகா’ என்று தலையசைத்தோம்.

பையன் மட்டும் கேட்டான்: “மாமா, இந்தக் கதையில என்னதான் நடக்குது?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, “தம்பி, உண்மையச் சொல்லிருதேன். எனக்குப் பாதிதான் புரிஞ்சிச்சு. சார் மனசு வருத்தப்படக் கூடாதேன்னு தலையாட்டினேன்” என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “எனக்கும் பாதிதான் அண்ணாச்சி” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் பையன் திண்ணைக்கு வரவில்லை. ஆங்கிலப் படக்கதை ஒன்றோடு அறைக்குள்ளேயே இருந்துவிட்டான். அக்காதான் அவனிடம் பேசிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “தமிழ் கஷ்டம்னு அவன் நினைக்கல சார். தான் மக்குன்னு நினைச்சிட்டான். பெரியவங்க எல்லாருக்கும் புரியுது, நமக்கு மட்டும் புரியலன்னு.”

நாங்கள் தலையாட்டியது ஒரு பொய். அந்தப் பொய்க்கு விலை கொடுத்தவன் எங்களில் சிறியவன். அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்கள் பேச்சு இதைப் பற்றியே இருந்தது. புரியாத சொல்லை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா? அல்லது எது பகட்டு, எது தேவை என்று பிரித்தறிய வழி உண்டா?

எல்லாக் கடினச் சொல்லும் பகட்டல்ல

முதலில் ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இன்று நமக்கு எளிதாக இருக்கும் பல சொற்கள் ஒரு காலத்தில் கேலிக்குரியவையாக இருந்தன. நம் தாத்தா காலத்தில் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ‘அக்கிராசனர்’. சங்கத்தின் செயலாளர் ‘காரியதரிசி’. தேர்தலில் நின்றவர் ‘அபேட்சகர்’. பேசியது ‘உபந்நியாசம்’. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, சுவாமி வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டபோது நகைத்தவர்கள் உண்டு. ஆனால் தலைவர், செயலாளர், வேட்பாளர், சொற்பொழிவு என்ற சொற்களை இன்று நாம் யோசிக்காமலே சொல்கிறோம். நமது சங்கத்தின் அழைப்பிதழில் ‘அக்கிராசனர்’ என்று அச்சிட்டால் இன்று அதுதான் வேடிக்கையாக இருக்கும்!

ஆகவே புதுச்சொல் என்பதனாலேயே ஒரு சொல் பகட்டாகிவிடாது. அதே போல, பொருளே கடினமாக இருந்தால் சொல்லும் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். ‘சிறுநீரகம்’ என்பதை அக்கா நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாது.

‘கட்டுடைத்தல்’, ‘சொல்லாடல்’ போன்ற சொற்களும் அப்படிப் பிறந்தவையே. மேலைநாட்டுத் திறனாய்வுக் கருத்துகளைத் தமிழில் பேசுவதற்காகச் சிலர் உழைத்து உருவாக்கிய கலைச்சொற்கள் அவை. அந்தக் கருத்தை விளக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. ‘இந்தக் கதை எனக்குப் பிடித்தது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவற்றைத் தூவினால்தான் பகட்டு. நகை பெட்டியில் இருப்பது தவறில்லை. சந்தைக்குப் போகும்போது அத்தனையையும் அணிந்துகொண்டு போனால்தான் வேடிக்கை.

இந்த வேடிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாடகாசிரியர் ஷெரிடன் 1775-இல் மேடையேற்றிய ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் மிசஸ் மாலப்ராப் என்று ஓர் அம்மாள் வருவார். படித்தவள் போலக் காட்டிக்கொள்ளப் பெரிய சொற்களாகத் தேடிப் பேசுவார். ஒவ்வொன்றும் தவறான சொல்லாக இருக்கும். அவர் பெயரே அந்த வகைப் பிழைக்கு ஆங்கிலத்தில் பெயராகிவிட்டது.

பெரியவர்கள் காட்டிய வழி

எளிமையாக எழுதுகிறவருக்குப் புலமை குறைவு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது சரியல்ல என்பதற்கு ஓர் இத்தாலியரே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர், 3,615 விருத்தப் பாக்களில் ‘தேம்பாவணி’ என்ற காவியத்தை உயர்ந்த செந்தமிழில் பாடினார். ‘பரமார்த்த குரு கதை’யைச் சாதாரண மக்கள் பேசும் தமிழுக்கு நெருக்கமான நடையில் எழுதியதும் அதே கைதான். எது எங்கே பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புலமை என்பது அதுதான்.

பாரதியார் 1912-இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகத்தை வெளியிட்டபோது, அதன் முகவுரையில் எளிய சொல், எளிய நடை என்பதையே வலியுறுத்தினார். கொஞ்ச காலமே தமிழ் பழகியவர்களுக்கும் பொருள் விளங்க வேண்டும், ஆனால் காவியத்தின் நயம் குறையக் கூடாது என்பது அவருடைய கருத்து. இதில் இரண்டாம் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். எளிமை என்பது சொல்லை மலிவாக்குவதல்ல; வாசலைத் திறந்து வைப்பது.

தீவு சொல்லித் தந்த பாடம்

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது சார்தான் எங்கள் கவனத்தை எங்களைச் சுற்றியிருந்த மக்களின் பக்கம் திருப்பினார். கார் நிக்கோபாரில் பள்ளிப் படிப்பு வேரூன்றிய கதையில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1890-களில் வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார் அங்கே வந்து, மூஸ் என்ற ஊரில் தங்கி, நிக்கோபாரிச் சிறுவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார்.

அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என்று புகழ்பெற்றார். 1884-இல் பிறந்து, பர்மாவின் மாண்டலேயில் மேற்படிப்பு படித்து, தீவுக்கே திரும்பி ஆசிரியரானவர். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கான நியமன உறுப்பினர். தம் தாய்மொழியில் பைபிளை மொழிபெயர்த்தவரும் அவரே. ரோமன் எழுத்துகளில் எழுதப்படும் அந்த மொழியில் புதிய ஏற்பாடு 1950-இலும், முழுப் புத்தகம் 1969-இலும் வெளிவந்தன.

மத விஷயத்தை விடுங்கள். ஒரு மொழியில் முதன்முதலாகப் புத்தகம் உண்டாகும் நிலையை எண்ணிப் பாருங்கள். பழைய இலக்கண நூல் இல்லை. ‘இது உயர்ந்த சொல், இது தாழ்ந்த சொல்’ என்று தரம் பிரிக்கப் புலவர் பரம்பரையும் இல்லை. தென்னந்தோப்பில் வேலை செய்துவிட்டு வந்து கேட்பவருக்குப் புரிந்தால் அது புத்தகம். புரியாவிட்டால் வெறும் தாள். அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் பெரிய சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியுமா?

நிக்கோபார் மொழிகளைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டில் டி ரோப்ஸ்டார்ப் என்ற டேனியர் குறித்து வைத்த இன்னொரு செய்தியும் உண்டு. இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது அம்மக்களின் வழக்கமாக இருந்ததாம். ஒருவர் பெயர் கோழி, தொப்பி, தீ என்பது போன்ற பொதுச் சொல்லாக இருந்துவிட்டால், அவர் இறந்தபின் அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு புதுச்சொல்லை உண்டாக்குவார்கள், அல்லது வேறு மொழியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டதும் அக்கா சொன்னது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. “அவங்க செத்தவங்க மேல உள்ள மரியாதையால ஒரு சொல்லை விட்டாங்க. நம்ம வீட்டுல பிள்ளைங்க காதுல விழாமலே எத்தனை சொல்லு சாகுது!”

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

பேச்சோடு நிற்காமல் எங்களுக்குள் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்வதில்லை. ‘படிக்கவில்லை, சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடாது. இதற்கே எங்களுக்கு ஒரு மாதப் பழக்கம் தேவைப்பட்டது! கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் மூன்றைத்தான் படித்ததாக அண்ணாச்சி ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

இரண்டு, யார் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கலாம். சொன்னவர் சாதாரணப் பேச்சில் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். கேட்கும் உரிமை சிறுவருக்கும் உண்டு. சொல்லப்போனால் அவர்களுக்கே முதல் உரிமை.

மூன்று, அகராதியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. பழைய நூல் படிப்போருக்கு அது கடல். வீட்டுக்கு உதவுவது 1992-இல் முதற்பதிப்பு கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. இன்று புழங்கும் சொற்களை எடுத்துக்காட்டுகளோடு தருவது அது. சார் அதை விடுமுறையில் வாங்கி வந்தார்.

நான்கு, வீட்டுச் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்காமல் இருப்பது. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். அகராதிக்குப் போகும் தகுதி நம் பாட்டியின் பேச்சுக்கும் உண்டு.

ஐந்து, தினம் பதினைந்து நிமிடம் யாராவது ஒருவர் உரக்கப் படிப்பது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கண்ணுக்குக் கடினமாக இருக்கும் சொல், காதில் விழுந்தால் பழகிய சொல்லாக இருக்கும்.

பையனை மீண்டும் திண்ணைக்கு வரவழைத்தது இந்த ஐந்தாவது ஏற்பாடுதான். அக்கா ஒரு கிராமத்துக் கதையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ‘வெஞ்சனம்’ என்ற சொல் வந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. எனக்கு அந்தச் சொல் புதிது, நான் தஞ்சாவூர்க்காரன். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பையன், “மாமாவுக்கு இது தெரியாதா? அக்கா வீட்ல தினம் சொல்வாங்களே!” என்று எனக்கு விளக்கினான். முதல்முறையாக அவன் ஆசிரியர், நான் மாணவன். அடுத்த வாரத்திலிருந்து படிக்கும் முறையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டான்.

எங்கள் குழு ஒவ்வொருவராக மாற்றலாகிப் பிரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் குடியிருப்புகளை அழித்தபோது நாங்கள் யாரும் அங்கில்லை. அடுத்து வருகிறவர்களுக்காக விட்டுவந்த எங்கள் புத்தகப் பெட்டி அன்றோடு போயிற்று. எத்தனையோ உயிர்கள் போன இடத்தில் புத்தகத்துக்கு வருந்துவது முறையல்ல. ஆனால் திண்ணையில் கற்றது எங்களோடு இருக்கிறது.

அண்மையில் அந்தப் பையன் தொலைபேசியில் அழைத்தான். அவனுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு மகள், வெளிமாநிலத்தில் வளர்கிறாள். “மாமா, அவளுக்கு என்ன தமிழ்ப் புத்தகம் வாங்கலாம்?” என்று கேட்டான்.

“அவள் கேட்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் நீ பதில் சொல்ல முடிகிற புத்தகமாகப் பார்த்து வாங்கு. முதலில் நீயே படித்துக் காட்டு. தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து அகராதியைப் பாருங்கள்” என்றேன்.

சிரித்தான். “தலை மட்டும் ஆட்டக் கூடாது, அவ்வளவுதானே மாமா?” என்றான்.

அவ்வளவுதான்.