பழைய சாகாவுக்குப் புதுச் சாயமா? எல்லாத் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள்!

சுங்கை பாக்காப் - 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான புரோட்டோன் சாகாவுக்கு 40 வயது கடந்துவிட்டது. அதே ஆண்டு பினாங்குப் பாலத் திறப்பின்போது அன்றைய பிரதமர் துன் மகாதீர் ஓட்டிச் சென்றதும் சாகாதான். நம்மவர் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கார். அப்பா ஓட்டிய அந்தக் காரை விற்க மனமில்லாமல், இப்போது பிள்ளைகள் பட்டறையில் விட்டுப் புதுப்பிக்கிறார்கள்.

எங்கள் பெரியப்பாவின் சாகாவும் அப்படித்தான் பளபளவென்று திரும்பி வந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. நான்கு கதவுகளின் அடியிலும் சாயம் கொப்பளித்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. காரணம் சாயம் அல்ல. கதவின் அடியில் இருந்த சிறு துளைகளை, 'ஓட்டை' என்று நினைத்து யாரோ பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

கார்க் கதவு மழைநீர் புகாத பெட்டி அல்ல. கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியே தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அது வடிந்து வெளியேறவே அடியில் துளை விட்டிருக்கிறார்கள். கதவுப் படிக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதிக்கும் இதே கதைதான்.

அப்படியானால் அடைக்க வேண்டியது எது? இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, புள்ளிப் புள்ளியாகப் பற்றவைக்கப்பட்ட இணைப்பு. இரு புள்ளிகளுக்கு நடுவே தலைமுடி அளவு சந்து இருந்தாலும் ஈரம் ஏறிவிடும். தொழிற்சாலையில் அடிப்பூச்சு முடிந்த பிறகு அந்த இணைப்புகளில் சீலர் எனும் பசையை இழுத்து, அதன்மேல் சாயம் அடித்துச் சூளையில் சுடுவார்கள். வரிசை முக்கியம்: முதலில் அடிப்பூச்சு, பிறகு சீலர், கடைசியில் சாயம். வெறும் தகட்டின்மேல் சீலர் வைத்தால், அது உரியும் இடத்தில் துரு பிடிக்கும்.

கடையில் கிடைக்கும் குளியலறை சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அதன்மேல் சாயம் ஒட்டாது. புளிப்பு வாடை அடிக்கும் வகை தகட்டையே அரிக்கும். காருக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலரைக் கேட்டு வாங்குங்கள்.

அசல் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தொழிற்சாலை வேலை எல்லா இடத்திலும் வழவழப்பாக இருக்காது. பொருட்பெட்டியின் தரையிலும் எஞ்சின் அறையிலும் தூரிகை இழுத்த கோடுகூடத் தெரியலாம். கதவோர மடிப்பில் மெல்லிய கோடாகச் சீலர் ஓடும். இதையெல்லாம் புட்டி பூசித் தேய்த்துச் சமமாக்கினால் கண்ணுக்கு அழகுதான். ஆனால், பழைய கார் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் மாற்று வேலை என்று சொல்லிவிடுவார். கனமான புட்டி அந்த இணைப்பில் வெடிக்கவும் செய்யும்.

எனவே பழைய சாயத்தைச் சுரண்டும் முன்பே, கைப்பேசியில் ஒவ்வோர் இணைப்பையும் ஒவ்வொரு துளையையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். சீலர் எவ்வளவு அகலம், எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது அதில் இருக்கும். சுரண்டிய பிறகு யாரைக் கேட்டாலும் ஊகம்தான்.

காரைப் பட்டறையிலிருந்து எடுக்கும் நாளில், கதவுக் கண்ணாடியை ஒட்டி ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால், சாவியை வாங்காமல் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.