பன்றிக் கொட்டிலைக் காலிசெய்யும் வைரஸ்

போர்ச்சுகலின் லிஸ்பன் விமான நிலையத்தில் வந்திறங்கிய விமானங்களில் பயணிகள் மிச்சம் வைத்த உணவு, 1957-ஆம் ஆண்டு அருகிலிருந்த பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போனது. கொஞ்ச நாளில் அந்தப் பன்றிகளுக்குக் கடும் காய்ச்சல். கொட்டில் கொட்டிலாக மடிந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்தக் கண்டத்தைத் தாண்டிக் கால்வைத்தது அதுவே முதல்முறை. அப்போது அடக்கப்பட்ட நோய் 1960-இல் திரும்பி வந்து, ஸ்பெயினையும் பிடித்துக்கொண்டது. அதை ஒழிக்க அந்த இரு நாடுகளும் 1990-கள் வரை போராடின.

இந்த நோயை முதலில் விவரித்தவர் கால்நடை மருத்துவர் மாண்ட்கோமரி. கென்யாவில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வளர்த்த பன்றிகள் சாவதை ஆராய்ந்து, 1921-இல் கட்டுரை வெளியிட்டார். ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி இனங்களின் உடலில் இந்த வைரஸ் பெரிய தொந்தரவு எதுவும் தராமல் குடியிருக்கிறது; ஒருவகை உண்ணி அதைச் சுமந்து திரிகிறது. வீட்டுப்பன்றிக்கு வந்தால் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், இரை எடுக்காமை, சிவந்து கறுக்கும் காதும் வயிறும், உள்ளே ரத்தக்கசிவு. கடுமையான வகை தாக்கினால் ஏறக்குறைய எல்லாப் பன்றிகளும் செத்துவிடும்.

மனிதர்களுக்கு இது தொற்றாது. 2009-இல் உலகை மிரட்டிய எச்1என்1 காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மனிதரைத் தொடாத இந்த வைரஸை நாடுவிட்டு நாடு கொண்டுபோவது பெரும்பாலும் மனிதர்தான். உறைய வைத்த இறைச்சியிலும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் அது மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். லாரிச் சக்கரம், வியாபாரியின் செருப்பு, கசாப்புக் கத்தி என எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகும். 2007-இல் ஜார்ஜியாவின் போட்டி துறைமுகத்தில் கப்பல் கழிவு வழியாக இறங்கியது என்று கருதப்படும் வைரஸ் ரஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பரவியது. 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங் நகரில் தென்பட்டது. உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி சீனாவில்தான் இருந்தன. அந்நாட்டின் பன்றி இறைச்சி உற்பத்தி 2018-இல் 5.4 கோடி டன். மறு ஆண்டே 4.3 கோடி டன்னுக்குக் கீழே இறங்கியது. வியட்நாமில் 2019-இல் மட்டும் சுமார் 60 லட்சம் பன்றிகள் கொன்று அழிக்கப்பட்டன.

இந்தியாவில் 2020-இல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் நோய் உறுதியானது. பிரம்மபுத்திராவில் பன்றிச் சடலங்கள் மிதந்துவந்தன. காஸிரங்காவின் காட்டுப்பன்றிகள் ஊர்ப்பக்கம் வராதிருக்க அங்கே அகழி வெட்டினார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அசாமில் மட்டுமே இருந்தன.

2021 மார்ச்சில் மிசோரம். வங்கதேச எல்லையை ஒட்டிய லுங்லே மாவட்டத்தில் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே மாநிலத்தில் 30,000-க்கு மேற்பட்ட பன்றிகள் செத்தன. அங்கே கல்யாணமோ கிறிஸ்துமஸோ, விருந்தில் பன்றி இறைச்சி கட்டாயம் உண்டு. வீட்டின் பின்னால் இரண்டு மூன்று பன்றி வளர்க்கும் குடும்பத்துக்கு அதுவே சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதை விற்றுத்தான்.

2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பண்ணைகளிலும், 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது.

சிகிச்சை கிடையாது. வியட்நாம் 2022-இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. வைரஸின் ஒரு மரபணுவை நீக்கி அமெரிக்க விஞ்ஞானிகள் உருவாக்கிய வகை அதற்கு அடிப்படை. ஆனால் உயிருள்ள வைரஸைக் கொண்டு செய்த தடுப்பூசி என்பதால் பாதுகாப்பு குறித்த கேள்விகள் தொடர்கின்றன. ஆகவே இன்றும் கைகொடுப்பவை பழைய வழிகள்தான். ஓட்டல் மிச்சத்தை அப்படியே போடாமல் நன்றாகக் கொதிக்கவைத்துப் போடுவது, வெளியாட்களைக் கொட்டிலுக்குள் விடாமலிருப்பது, புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே கட்டிவைப்பது.

நோய் வந்துவிட்டால், இந்திய அரசின் செயல்திட்டப்படி ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகள் அழிக்கப்படும். பத்து கிலோமீட்டர்வரை கண்காணிப்பு நடக்கும். சிக்கல் இங்கேதான். அதிகாரிகள் அழிக்கும் பன்றிக்கு எடைக்கேற்ற இழப்பீடு உண்டு. நோயில் தானாகச் செத்த பன்றிக்குக் கிடையாது. நாலு பன்றியில் ஒன்று செத்ததும், மீதியாவது காசாகட்டும் என்று விற்கவே ஏழைக் குடும்பம் நினைக்கும். வந்த விலைக்கு வாங்கிய வியாபாரியின் வண்டியில் வைரஸ் அடுத்த ஊர் போகும். விற்றவரைக் குற்றம் சொல்வது எளிது. அவருக்கு வேறு வழி வைக்காதது திட்டத்தின் குறை.

முதல் பன்றி செத்த அன்றே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்பவருக்கு, செத்ததற்கும் சேர்த்து இழப்பீடு தரவேண்டும். அதுவும் மாதக்கணக்கில் அலையவிடாமல், அடுத்த பன்றிக்குட்டியை வாங்குமுன் கைக்கு வந்து சேரவேண்டும். மத்திய அரசும் மாநில அரசுகளும் அழிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. இழப்பீட்டு விதியில் செத்த பன்றியையும் சேர்ப்பதே அடுத்து நடக்கவேண்டிய வேலை.