பூட்டிய கேட்டுக்குள் ஒரு ஃபைனல்

கோப்பையை வென்ற அணி இன்று அந்தப் பெயரில் இல்லை. தோற்ற அணி மறுபடி சொந்த ஊர் மைதானத்தில் ஆட இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனது. ஆட்டத்தை நேரில் பார்த்த ரசிகர் ஒருவரும் கிடையாது. 2020 மார்ச் 14, சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு கோவாவின் மட்காவ் நகரில், ஃபதோர்டா நேரு மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து ஃபைனல் அது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3, சென்னையின் எஃப்.சி. 1. ஏறக்குறைய 19,000 பேர் உட்காரக்கூடிய கேலரிகள் காலியாகக் கிடந்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நமக்கென்று ஐ.எஸ்.எல்லில் அணி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் போனால் கிடைக்கிற சென்னை அணிதான் நம் அணி. கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ பிடித்து, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் ஊர் திரும்பி, மறுநாள் வேலைக்கும் போகிற பையன்கள் இந்த ஊரில் உண்டு. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று சென்னை ரசிகர் குழுக்கள் போடும் சத்தத்துக்குள் நம்மூர் குரலும் கலந்திருக்கும். அந்த சத்தம் தேவைப்பட்ட இரவில் வாசல் பூட்டியிருந்தது.

அந்த சீசனில் சென்னை ஃபைனல் வரை வந்ததே பெரிய விஷயம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2017-18இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகோரி நவம்பர் கடைசியில் விலகினார். அவர் இடத்துக்கு ஓவன் கோயல் வந்தார். இங்கிலாந்தில் பர்ன்லி, போல்ட்டன் அணிகளைப் பார்த்துக்கொண்டவர். வந்தவர் புதிதாக ஆட்களைக் கொட்டவில்லை. இருந்தவர்களை முன்னால் ஓடவிட்டார். லிதுவேனியாக்காரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் கோல் அடிக்கத் தொடங்கினார், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தை அவர் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அனிருத் தாபாவும் சாங்டேயும் ஓட்டத்தில் பின்னி எடுத்தார்கள். கடைசி இடங்களில் கிடந்த அணி நான்காவதாக முடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் எஃப்.சி. கோவாவை 4-1 என்று அடித்தது. ஒரு வாரம் கழித்து இதே ஃபதோர்டாவில், கோவா ரசிகர்கள் நிரம்பி வழிந்த கேலரிகளுக்கு நடுவே 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பியது. அப்படிப் பிழைத்து வந்த அணி, ஏழே நாளில் அதே புல்தரையில் யாருமில்லாமல் நின்றது.

அந்த ஏழு நாட்களில் உலகமே மாறியிருந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்றிரவே பாரிஸில் அந்நகரத்து பி.எஸ்.ஜி. அணியும் ஜெர்மனியின் டோர்ட்முண்டும் பூட்டிய மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஆடின. உள்ளே விடப்படாத ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானச் சுவரை ஒட்டித் தெருவில் கூடி நின்று பாட்டுப் பாடினார்கள். அந்த வாரம்தான் இந்தியாவில் கொரோனாவின் முதல் மரணம் உறுதியானது. கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அறிவுரை வந்தது. ஃபைனலுக்கு ரசிகர்கள் கிடையாது, டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும் என்று 12ஆம் தேதி சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஐ.பி.எல். கிரிக்கெட்டும் தள்ளிப்போனது. ஃபைனல் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 17 அன்று, நம் யூனியன் பிரதேசத்தின் முதல் தொற்று பதிவானது. அது புதுச்சேரி நகரத்தில் இல்லை, மாஹேயில். கால்பந்து என்றால் உயிரை விடும் மலபார்க் கரையில்.

பூட்டியது சரியா என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். பெர்காமோ நகரத்தின் கதையைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் அட்டலாண்டா அணி வலென்சியாவை மிலானில் 4-1 என்று வென்றது. பெர்காமோவிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்க் கட்டிப்பிடித்துக் கொண்டாடித் திரும்பினார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த ஊரின் பிணங்களை ராணுவ லாரிகள் ஏற்றிப் போயின. அந்த ஆட்டமும் தொற்றைப் பரப்பியது என்று பிற்பாடு மருத்துவர்கள் சொன்னார்கள். ஃபதோர்டாவின் கேட்டைப் பூட்டியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

இனி ஆட்டம். சென்னைதான் முதலில் பாய்ந்தது. வால்ஸ்கிஸ் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. நிறைந்த மைதானமாக இருந்தால் அந்த ஒரு சத்தத்துக்கே கேலரி எழுந்து நின்றிருக்கும். 10ஆம் நிமிடத்தில் ஆட்டத்தின் போக்குக்கு எதிராக ஏ.டி.கே. கோல் அடித்தது. ஃபிஜித் தீவுக்காரர் ராய் கிருஷ்ணா தூக்கிப் போட்ட பந்தை ஹாவி ஹெர்னாண்டஸ் தரையில் விழவிடாமல் இடது காலால் அறைந்தார். கிருஷ்ணா காயம்பட்டு முதல் பாதியிலேயே வெளியேறியபோது சென்னைக்கு வழி திறந்துவிட்டது என்றுதான் தோன்றியது. இடைவேளை முடிந்து மூன்றாவது நிமிடத்தில், 48இல், எடு கார்சியா இரண்டாவது கோலைப் போட்டு அதைத் துடைத்துவிட்டார். 69இல் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பினார். அந்த சீசனில் அவருக்கு அது 15ஆவது கோல், தங்கக் காலணியும் அவருக்கே கிடைத்தது. மிச்சமிருந்த இருபது நிமிடமும் சென்னை முட்டி மோதியது. ஏ.டி.கே. கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா அசையவில்லை. தொண்ணூறு நிமிடம் தாண்டிய காயநேரத்தில் எல்லாரும் முன்னே ஏறியிருக்க, ஹாவி ஹெர்னாண்டஸ் தன் இரண்டாவது கோலை அடித்துக் கணக்கை முடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வென்ற அணியின் இடது ஓரத்தில் சீசன் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் கிராமத்துப் பையன், மைக்கேல் சூசைராஜ். சென்னை அணியில் எட்வின் சிட்னி வன்ஸ்பால். கொல்கத்தா ஜெயித்தது என்று தலையில் கைவைத்தவர்கள் கவனிக்க மறந்த செய்தி இது: கோப்பையோடு போன படத்திலும் ஒரு தமிழ் முகம் இருந்தது.

கூட்டம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? அதே 2020 மே 16 அன்று ஜெர்மனியின் புண்டஸ்லிகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. சொந்த ஊரில் ஆடும் அணிகளின் வெற்றி சட்டென்று குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டம் ஆட்டக்காரரின் காலை மட்டும் ஆட்டிவைக்கவில்லை, நடுவரின் கையையும் ஆட்டிவைத்திருக்கிறது. ஆனால் ஃபதோர்டா இரண்டு அணிக்கும் வெளியூர். பாதிப் பாதி கூட்டம் வந்திருக்கும். அதனால் 3-1 நியாயமான கணக்குதான். பயிற்சியாளர் ஹபாஸின் ஏ.டி.கே. கிடைத்த வாய்ப்புகளை விடவில்லை, நம் ஆட்கள் விட்டார்கள். சத்தம் இல்லாததால் தோற்றோம் என்பது நம்மை நாமே தேற்றிக்கொள்ளும் பேச்சு.

நம் ஊரைத் தொட்ட இன்னொரு பூட்டிய ஃபைனலும் அந்த வருடம் நடந்தது. ஆகஸ்ட் 23, போர்ச்சுகலின் லிஸ்பன். இஸ்தான்புல்லில் மே மாதம் நடக்க வேண்டிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் அங்கே மாற்றப்பட்டிருந்தது. பி.எஸ்.ஜி.க்கு அதுதான் முதல் ஃபைனல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய ‘சொல்தா’ வீடுகளும், பாரிஸ் புறநகரில் அண்ணன் தம்பி இருக்கும் வீடுகளும் உள்ள ஊர் இது. இந்திய நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்துக்கு இங்கே கண்விழித்தவர்கள் உண்டு. ஊரில் தொற்று ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. 59ஆம் நிமிடத்தில் பாரிஸைத் தோற்கடித்த ஒரே கோலை அடித்தவர் பயர்ன் மியூனிக்கின் கிங்ஸ்லி கோமான். பாரிஸில் பிறந்து, பி.எஸ்.ஜி.யின் பள்ளியிலேயே கால்பந்து கற்றவர். சொந்த ஊர்க்காரன் அடித்த அடியைத் திட்டித் தீர்க்கக்கூட அங்கே கூட்டம் இல்லை.

இந்த இரண்டு ஆட்டங்களும் தொலைக்காட்சி முதலாளிகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன: ரசிகர் வராமலும் சாம்பியனை முடிவு செய்யலாம். 2020 நவம்பர் 20 முதல் ஐ.எஸ்.எல். முழுவதும் கோவாவின் மூன்று மைதானங்களுக்குள் அடைந்தது. அணிகளை ஓட்டல்களில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த சீசனும் அப்படியே. நோய்க்காலத்தில் வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேலரியில் எல்.இ.டி. திரை வைத்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகரின் முகத்தை அதில் ஓட்டி, பதிவு செய்த ஆரவாரத்தை ஒலிபரப்பில் கலந்தார்களே, அதை என்னால் ரசிக்க முடியவில்லை. காலியாக இருந்தால் காலியாகவே காட்டியிருக்கலாம். பயிற்சியாளர் கத்துவது, கோல்கீப்பர் திட்டுவது, பந்தில் பூட்ஸ் படுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதுவே ஒரு புது அனுபவம்தான்.

ரசிகர் வெறும் அலங்காரமா, அணியின் அஸ்திவாரமா என்பதற்குப் பதில், அந்த மார்ச் 14 ஃபைனலை வென்ற அணியின் கதையிலேயே இருக்கிறது. 2014, 2016, 2020 என்று மூன்று கோப்பை வென்ற அணி ஏ.டி.கே. பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஃபைனலுக்கு இரண்டு மாதம் முன்பே அதன் உரிமையாளர், 1889இல் தொடங்கிய மோகன் பகானின் கால்பந்து நிறுவனத்தில் 80 சதவீதத்தை வாங்கியிருந்தார். மூன்று கோப்பையாலும் சேர்க்க முடியாத ஒன்று மோகன் பகானிடம் இருந்தது: தலைமுறை தலைமுறையாக வரும் கூட்டம். ஃபதோர்டா ஃபைனல்தான் ஏ.டி.கே. என்ற தனி அணியின் கடைசி ஆட்டம். வழியனுப்ப யாரும் வரவில்லை. புது அணிக்கு ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்று பெயர் வைத்ததும் பகான் ரசிகர்கள் கொதித்தார்கள். எங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அந்த மூன்று எழுத்தை எடு என்று ஏறக்குறைய மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச் 18 அன்று, அதே ஃபதோர்டாவில் பெங்களூருவை பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கிய இரவில், அந்த எழுத்துகளை எடுக்கிறோம் என்று உரிமையாளர் அறிவித்தார்.

சென்னைக்கு என்ன ஆயிற்று? கோயல் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் அவரோடு போனார். அடைபட்ட இரண்டு சீசனிலும் சென்னை எட்டாவது இடம். சூசைராஜின் கதை இன்னும் மோசம். 2020 நவம்பரில், அடைப்புக் காலத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் சீசன் முழுவதையும் இழந்தார். பிப்ரவரி 29 அன்று கோவாவை 4-1 என்று அடித்த பிறகு நேரு ஸ்டேடியத்தில் சென்னை மறுபடி ஆடியது 2022 அக்டோபர் 14 அன்றுதான், பெங்களூருவோடு 1-1. அந்த நீண்ட இடைவெளியில் பத்தாம் வகுப்புப் பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். சீசன் முழுக்கப் பஸ் ஏறியவனுக்கு வேலையும் குடும்பமும் வந்துவிட்டன. பழக்கம் ஒருமுறை அறுந்தால் ஒட்டவைப்பது லேசல்ல. நட்டம் 3-1இல் முடியவில்லை, இங்கேதான் தொடர்ந்தது. அதை நிர்வாகம் சரிசெய்யுமென்று நான் காத்திருக்கவில்லை.

சென்னை அடுத்து நேரு ஸ்டேடியத்தில் ஆடும் தேதி வந்ததும், புதுச்சேரியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பேசிவிடுங்கள். பஸ் கட்டணத்தைவிடக் கூட ஆகும், ஆனால் ஆட்டம் முடிந்து திரும்பி வர வண்டி கிடைக்குமா என்ற கவலை இருக்காது. கூட ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோ அழைத்துப் போங்கள்.